கண்ணில் ஊற்றிய பால்

தலைப்பிரசவத்துக்கு நான் ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் தாய்வீட்டில் இருந்த வருஷம், கண்மாய் நிறைந்திருந்தது. டிராக்டர் வைத்திருந்தவர்கள் எல்லாம் சேற்று உழவுக்கு மாட்டும் இரும்புச் சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு எங்கள் கொல்லைக்கு வந்தார்கள். அண்ணன் பழைய வெல்டிங் செட் ஒன்றை வாங்கிப் போட்டு, விட்டுப்போன கம்பிகளை ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

வெல்டிங் வைக்கும்போது முகத்துக்கு நேரே பிடிக்கும் கறுப்புக் கண்ணாடி உடைந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ராமநாதபுரம் போனால் வாங்கிவிடலாம். போகவில்லை. என் கல்யாணத்துக்கு வாங்கிய கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். "போட்டோவுக்கு நிக்கிற மாதிரி இருக்கண்ணே" என்று நான்தான் கேலி செய்தேன். அந்த வாய்க்குச் சூடு போட வேண்டும்.

பொழுது சாய்ந்ததும், இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்துகிறது என்று துடித்தான். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரே மருந்து, பிள்ளை பெற்றவளின் பால். பிள்ளைக்கு மருந்து புகட்டும் சங்கை அம்மா என்னிடம் நீட்டினாள்.

"கொஞ்சம் பீச்சிக் குடு, ஆத்தா."

சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து கொடுத்தேன். இரண்டாம் நாள் வலி போய்விட்டது. வெல்டிங் வெளிச்சத்தில் வரும் அந்த எரிச்சல் ஒன்றிரண்டு நாளில் தானாகவே அடங்கும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. "தங்கச்சி பாலு இருக்கும்போது டாக்டர் எதுக்கு" என்று வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரித்தான். பொய் சொல்வானேன், எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நாலைந்து நாள் கழித்து, ஒட்டிய இடத்தைக் கிரைண்டிங் மெஷினால் தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்க்கிற இடம் தெரியவில்லை என்று கூலிங் கிளாஸையும் கழற்றி வேலிக்கம்பியில் மாட்டியிருந்தான். தீப்பொறி அவன் முகத்துப் பக்கம்தான் பறந்தது. திடீரென்று மெஷினை நிறுத்தி, வலது கண்ணைப் பொத்தினான்.

"சுருக்குன்னுச்சு. இப்ப ஒண்ணுமில்ல."

தண்ணீர் அடித்துக் கழுவினான். ரத்தம் இல்லை, பெரிய வலியும் இல்லை.

"எதுக்கும் கொஞ்சம் பால் விட்ருவோம்ணே" என்றேன். இந்த முறை அம்மா கேட்கவில்லை. நானாகவே சொன்னேன்.

மூன்று நாள் காலையும் மாலையும் ஊற்றினோம். பார்வை புகைமூட்டமாக இருக்கிறது என்றான். பால்தான் மறைக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். நான்காம் நாள் கண் வீங்கி மூடிக்கொண்டது. இமையைப் பிரித்தால் கருவிழியே தெரியவில்லை, எல்லாம் வெளுத்துச் சீழ் கட்டியிருந்தது. கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானும் அவனோடு மதுரை பஸ் ஏறினேன்.

கண் டாக்டரம்மா படம் எடுத்துக் காட்டினார். இரும்புத் துணுக்கு ஒன்று கண்ணுக்குள் ஆழமாகப் போயிருந்தது.

"அன்னைக்கே வந்திருந்தா ஏதாவது பண்ணிப் பார்த்திருக்கலாம். பக்கவாட்டுலயும் மூடுற கண்ணாடி ஒண்ணு போட்டிருந்தா இது உள்ளயே போயிருக்காது. இப்ப கண்ணை எடுத்துத்தான் ஆகணும்."

அண்ணன் நல்ல கண்ணைக் கையால் பொத்திப் பார்த்தான்.

அவர் சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார். "சீழ் இவ்வளவு வேகமா பிடிச்சிருக்கே. கண்ணுல என்ன ஊத்துனீங்க?"

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "பச்சத்தண்ணிதாங்க" என்றான்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். என் முந்தானைக்குள் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது.

"ஆமா, தண்ணிதான்" என்றேன்.