விசில் வந்த பிறகு

ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் அவருடைய குரலைத்தான் கேட்டேன். ஜவ்வாது மலையில் எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்துப் போன முதல் காலை அது. ஆலங்காயத்தில் ஏறிய பேருந்து வளைவு வளைவாக மலையேறி, என்னைப் பள்ளிக்கூடத்து முன்னால் இறக்கிவிட்டுப் போயிருந்தது. துருப்பிடித்த பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது எதிர்ச் சரிவிலிருந்து ஒரு பெண் பெயர் பெயராகக் கூப்பிட்டார். "சென்றாயா... ஓய்!" என்றதும் எங்கிருந்தோ "தோ வர்றேன்" என்று ஒரு பையன். "அலமேலு... ஓய்!" என்றதும் "தோ வர்றேன்" என்று ஒரு சிறுமி. கூப்பிட்டவரும் தெரியவில்லை, பதில் சொன்னவர்களும் தெரியவில்லை, புளியமரங்கள் மறைத்துக்கொண்டிருந்தன. கடைசியாக, மற்ற எல்லாப் பெயரையும்விட நீளமாக, "பூங்காவனோ... ஓய்!" அதற்கும் "தோ வர்றேன்" என்று பதில் வந்தது. சற்று நேரத்தில் பிள்ளைகள் ஓடையைக் கடந்து வரிசையாக மேலேறி வந்தார்கள். பின்னால், சேலையை முட்டிக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு குட்டிப் பெண்ணை இடுப்பில் வைத்தபடி வந்தவர்தான் மேட்டு வீட்டு அக்கா. ஊரிலேயே உயரத்தில் இருந்தது அவருடைய வீடு. அதனால் அந்தப் பெயர்.

வருகை எடுத்தபோது பூங்காவனம் என்று யாரும் இல்லை. "எங்கடா அந்தப் பொண்ணு? ஓடையில விளையாடிக்கிட்டு இருக்காளா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். மூன்றாம் வகுப்பு அலமேலுதான் எழுந்து சொன்னாள். "அது மேட்டு வூட்டு அக்கா பொண்ணு டீச்சர். ஓடையில போய்ட்டா. வெள்ளத்துல."

அப்படியானால் பதில் சொன்னது யார் என்று கேட்டேன். "கடைசி வூட்லேர்ந்து யாரு வர்றாங்களோ அவங்க சொல்லணும். கூப்ட்ட கொரலு பதிலு இல்லாம நிக்கக்கூடாது டீச்சர். நின்னா காடு எடுத்துக்கும்." நான் அடிவாரத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண், பேய் பிசாசுக் கதைகளுக்கெல்லாம் வீட்டில் இடமில்லை. "எடுத்துக்கிட்டு காடு இன்னா பண்ணுமாம்?" என்று கிண்டலாகக் கேட்டேன். அந்தப் பெண் கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னாள்: "திருப்பிக் கூப்புடும்."

அந்த ஊரில் அப்படி ஒரு முறை இருந்தது. காட்டுக்குள் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் பதில் சொல்ல வேண்டும். அவர் இல்லாவிட்டால் காதில் விழுந்த வேறு யாராவது சொல்ல வேண்டும். சாமைக் கொல்லையில் களை எடுப்பவர்கள்கூடத் தலை நிமிராமல், யாருக்காகவோ ஒரு "தோ வர்றேன்" போட்டுவிட்டு வேலையைத் தொடர்வார்கள்.

பூங்காவனத்தின் கதையை ஊர் எனக்குத் துண்டு துண்டாகச் சொன்னது. அது சாமை அறுப்பு நேரம். மழை வருவதற்குள் கதிரை வீட்டில் சேர்க்கும் அவசரத்தில், "நீ முன்ன போ, நான் பின்னால வர்றேன்" என்று அக்கா மகளை அனுப்பியிருக்கிறார். மேலே பெய்த மழை ஓடையில் வரும் என்று அவருக்கும் தெரியும், ஏழு வயதுப் பெண்ணுக்கும் தெரியும். எப்போது வரும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் அந்தப் பாதையில் தனியாக இறங்க அவர் விடவில்லை. கணவர் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டுப் பொங்கலுக்குப் பொங்கல் வருபவர். அக்கா காலையில் வீடு வீடாக நின்று கூப்பிட்டு, இறக்கி, ஓடை தாண்டவைத்து, மாலையில் வந்து அழைத்துப் போவார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. தாய்மார்கள் சில நாள் ஒரு உருண்டை களியைக் கையில் வைப்பார்கள், அவ்வளவுதான்.

அவரால் என் பள்ளிக்கு ஆள் வராத நாளே இல்லாமல் போயிற்று. அதைப் பார்த்துத்தான், பள்ளியைப் பார்வையிட வந்த கல்வி அதிகாரி ஒருவர் அசந்துபோனார். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் இத்தனை கஷ்டம் வந்திருக்காது என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. அவர் கையில் அப்போது ஏதோ ஒரு திட்டம் இருந்தது. அதில் அக்காவைச் சேர்த்து, மாதச் சம்பளம், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, பச்சைக் கரை போட்ட சேலை எல்லாம் வாங்கிக் கொடுத்தார். அக்கா கூப்பிடுவதை ஒரு நாள் நின்று கேட்டவர், "இப்படிக் கத்தினா தொண்டை இன்னாத்துக்கு ஆவும்மா?" என்று தன் சட்டைப்பையிலிருந்து ஒரு விசிலை எடுத்துக் கொடுத்தார். நானும் கைதட்டினேன். யாராக இருந்தாலும் தட்டியிருப்பார்கள்.

மறுநாளிலிருந்து எதிர்ச் சரிவில் விசில் சத்தம்தான். ஒரு நீள ஊதல், பிள்ளைகள் ஓடிவந்துவிடுவார்கள். பெயர்கள் நின்றுவிட்டன. பெயர் இல்லாததால் பதிலும் நின்றுவிட்டது. நான் அதைக் கவனித்தேன் என்று சொன்னால் பொய். காலையில் ஏதோ குறைகிறது என்று மட்டும் சில நாள் இருந்தது, அப்புறம் அதுவும் பழகிவிட்டது.

அக்கா மாறினார். முகத்தில் சதை பிடித்தது. ஆலங்காயத்துச் சந்தையில் வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டார். முன்பெல்லாம் பிள்ளைகளை விட்டதும் ஓடையைப் பார்த்தபடியே திரும்புபவர், இப்போது பள்ளி வாசலில் உட்கார்ந்து என்னிடம் நாலு வார்த்தை பேசிச் சிரித்துவிட்டுப் போனார். ஊரும் மாறியது. ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? "சம்பளம் வாங்குற இல்ல, எம் பொண்ணுக்கு சட மட்டும் பின்னி இட்டுனு போ" என்றார்கள். மழை நாளில் தாமதமானால் கணக்குக் கேட்டார்கள். களி உருண்டை யார் வீட்டிலிருந்தும் வரவில்லை. அக்கா அதற்கெல்லாம் வருத்தப்படவில்லை. "வேலன்னா நாலு பேரு சொல்லத்தான் செய்வாங்க டீச்சர்" என்றார். வேலை என்ற சொல்லை அவர் அவ்வளவு ஆசையாகச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு அந்த அதிகாரி மாறுதலாகிப் போனார். அவர் பின்னாலேயே திட்டமும் போயிற்று. அட்டையையும் விசிலையும் திருப்பித் தர வேண்டும் என்று ஒருவர் வந்து வாங்கிப் போனார். முன்பு சும்மா செய்தவர்தானே, இனியும் செய்வார் என்று ஊர் நினைத்தது, நானும் நினைத்தேன். அடுத்த நாள் எதிர்ச் சரிவு அமைதியாக இருந்தது. அதற்கடுத்த நாளும். பெரிய பிள்ளைகள் தாமாக வந்தார்கள். சின்னப் பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அலமேலுவின் தங்கை, முன்பு அக்காவின் இடுப்பில் வந்த குட்டி, வருவதே இல்லை. "பாத்தியா, காசுன்னதும்தான் புள்ளைங்க மேல பாசம்" என்று ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. வெள்ளத்தில் இன்னொரு பிள்ளை போனால் என்ற நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மதியம் கிளம்பி மேட்டு வீட்டுக்கு ஏறிப் போனேன்.

அவர் புளி அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கோணியை விரித்து உட்காரச் சொன்னார். சம்பளத்துக்கு மனு எழுதித் தருகிறேன் என்று ஆரம்பித்தேன். தலையை ஆட்டினார்.

"சம்பளம் வந்தாலும் வரமாட்டேன் டீச்சர். அந்த விசில ஊதுன வரைக்கும் நான் அவள நெனக்கவே இல்ல. காத்தால எந்திரிச்சா வேல, சாயங்காலம் வேல, மாசமானா சம்பளம். நல்லாத் தூங்குனேன். அவ செத்த பொறவு நான் தூங்குனது அப்பத்தான்." கொஞ்ச நேரம் புளியை அடித்தார். "அம்மாங் காலம் அவள யாரும் கூப்புடல. நான் பெத்தவளே கூப்புடல. இப்ப எந்த மூஞ்ச வச்சிக்கினு அந்த வழியில எறங்குவேன்? பாதி வழி போனா அவ என்னக் கூப்புட்றா டீச்சர். யம்மோவ், முன்ன போய்ட்டியான்னு."

ஜெபம் செய்கிறேன் அக்கா என்று சொன்னேன். கீழே இறங்கும்போது மாலை வெயில்தான், கூட யாரும் இல்லை. ஆனாலும் நான் அந்தப் பாதையில் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

போன மாதம் அடிவாரத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி. இளைஞர் ஒருவர் பலகையில் ஒரு வட்டம் போட்டு, உள்ளேயிருந்து ஒரு அம்பும் வெளியேயிருந்து ஒரு அம்பும் வரைந்தார். அகத் தூண்டல், புறத் தூண்டல். ஆசையாகச் செய்பவருக்கு வெளியிலிருந்து பரிசு கொடுத்துப் பிறகு நிறுத்தினால் உள்ளே இருந்ததும் சில சமயம் வற்றிவிடும் என்றார். அழகாகத்தான் சொன்னார். உங்கள் அனுபவத்திலிருந்து ஒரு உதாரணம் சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டபோது, பிள்ளைகள் கையில் நட்சத்திரம் வரைவதைப் பற்றி ஏதோ சொல்லி உட்கார்ந்துவிட்டேன். அக்காவுக்கு உள்ளே இருந்ததை ஆசை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வெளியிலிருந்து வந்த சம்பளம் அவரைக் கெடுத்தது என்று சொல்லவும் வாய் வரவில்லை. அது கொஞ்ச காலம் அவரைத் தூங்கவைத்தது. எந்த அம்பில் இதை எழுதுவது?

நான் மேட்டு வீட்டுக்குப் போய்வந்த அந்த வருஷமே, மழை பிடித்த ஒரு காலையில், பள்ளிக்கு வரும் பிள்ளைகள் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டார்கள். தங்கையையும் அன்றைக்கென்று பார்த்து அலமேலு அழைத்து வந்திருந்தாள். தண்ணீர் செம்மண் நிறத்தில் ஏறிக்கொண்டிருந்தது. திரும்பிப் போங்கள் என்று நான் இந்தப் பக்கம் நின்று கத்தியது இரைச்சலில் அவர்களுக்குக் கேட்கவில்லை. சென்றாயன் தண்ணீரில் காலை வைத்துவிட்டான். அப்போதுதான் மேலேயிருந்து அக்கா ஓடிவந்தார். அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார். தண்ணீர் வடியும்வரை எல்லோரையும் பாறைக்கு மேல் உட்காரவைத்து, வடிந்ததும் ஒவ்வொருவராகக் கைபிடித்து இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டார். ஒரு பெயர்கூட அவர் வாயிலிருந்து வரவில்லை. எல்லோரும் வந்தபிறகு, திரும்ப ஓடையைக் கடந்து அந்தப் பக்கம் போய் நின்றார்.

வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தேன். போகவில்லை. நின்றபடியே எங்களைப் பார்த்தார். உதடு அசைந்தது, குரல் எழவில்லை. பூங்காவனத்தைக் கூப்பிட அவருக்குப் பயம் என்று எனக்குப் புரிந்தது. இத்தனை நாளுக்குப் பிறகு கூப்பிட்டு, யாரும் பதில் சொல்லாமல் போய்விட்டால்?

என் பக்கத்தில் நனைந்து நின்ற அலமேலு, யாரும் கூப்பிடாமலேயே, இன்னும் அடங்காத ஓடை இரைச்சலை மீறிக் கத்தினாள்: "தோ வர்றேன்!"

அக்கா அப்படியே கரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். நானும் அழுதேன். பிறகு அவர் எழுந்து, ஒரு கையைப் பக்கத்தில் தாழ நீட்டியபடி, கல் கல்லாகப் பார்த்து மெதுவாக ஓடையைக் கடந்து வந்தார்.

இப்போது அங்கே பாலம் வந்துவிட்டது. பிள்ளைகள் அதன் மேல் தடதடவென்று ஓடிவருகிறார்கள். துணைக்கு ஆள் தேவையில்லை. ஆனாலும் தினமும் காலையில் அக்கா அவர்களோடு இறங்கி வருகிறார். பாலத்தில் மட்டும் ஏறுவதில்லை. கீழே ஓடையில் இறங்கி, அந்தக் கையை அதே போல நீட்டிக்கொண்டு, தண்ணீரில் நடந்துதான் வருகிறார். அலமேலு வளர்ந்து கல்லூரிக்கே போய்விட்டாள். அக்கா கையை நீட்டும் உயரம் மட்டும் இன்னும் ஏழு வயதுப் பிள்ளையின் உயரம்தான்.