ஆட்டம் தொடங்குமுன் சாகிறவர்

பகடையை உருட்டுவதற்கு முன்னால் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்வார். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் இடத்தில் சட்டை திறந்து கிடக்கக் கூடாதாம். பிறகு பென்சிலைச் சீவி, ஆட்டத்துக்காகத் தான் உருவாக்கும் சிப்பாயின் பூட்ஸ் அளவு, அப்பாவின் தொழில், பீரங்கிச் சத்தத்தில் மந்தமாகிப்போன இடது காது என்று ஒன்று விடாமல் எழுதுவார். எழுதி முடித்த சற்று நேரத்தில் அந்த ஆள் செத்துப்போவான்.

ஞாயிறு மத்தியானங்களில் பல் டாக்டரின் கிளினிக் மூடியிருக்கும். நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மேசையைப் போட்டு, உலகம் அழிந்த பிறகு மிஞ்சியவர்களின் கதையை, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, நாங்கள் நான்கு பேர் ஆடுகிறோம். கதையை நடத்துபவர் டாக்டர். பல் செட்டுக்காக அளவெடுத்த பிளாஸ்டர் தாடைகள்தான் இடிந்த நகரம். கதையில் நான் ஒற்றைக் கை வைத்தியன். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அம்மாள் ஒருவர், பட்டாளத்துச் சமையல்காரி. அவருடைய கணவர்தான் நான் சொல்ல வந்த ஆள். மேஜர் என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒரு வருஷமாக வருகிறார், இன்னும் ஆடவே ஆரம்பிக்கவில்லை.

காரணம் ஒரு விதி. பட்டாளத்து ஆளை உருவாக்கும்போது சிப்பாயாகத்தான் தொடங்க வேண்டும். பதவி உயர ஆசையிருந்தால் இரண்டு பகடைகளை உருட்டலாம். இரண்டும் சேர்ந்து ஐந்தோ அதற்கு மேலோ விழுந்தால் உயர்வு. குறைந்தால் ஆள் காலி, கதைக்குள் கால் வைக்காமலே. எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். இந்தக் கடைசி வாக்கியம் மட்டும் மேஜரின் காதில் ஏறுவதே இல்லை.

“இன்னும் ஒண்ணே ஒண்ணு டாக்டர். கர்னல் ஆயிட்டா நிறுத்திக்கிறேன்.”

டாக்டர் பல்லைப் பிடுங்கும் அதே சாந்தத்தோடு மரணத்தை அறிவிப்பார். “கேப்டன் குளிக்கப் போனார். சோப்பு வழுக்கிடுச்சு.” ஒரு லெப்டினன்ட் சூப்பு சூடாக இருந்ததால் போய்ச் சேர்ந்தார். செத்தவர் அன்றைக்கு எல்லோருக்கும் டீ போட வேண்டும் என்பது எங்கள் சட்டம். மேஜரின் டீ இப்போது வெகு பிரமாதம்.

இந்தப் பதவிப் பைத்தியம் அலுவலகத்தில் எப்படியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறார். பதவி உயர்வு வந்தபோதெல்லாம் முட்டிவலி, கண்வலி என்று ஏதாவது ஒன்றைக் காட்டித் தட்டிக்கழித்தவர். இவரிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் இன்று இவருக்கே மேலதிகாரிகள். “மேல போனா கையெழுத்துப் போடணும் தம்பி. கையெழுத்துப் போட்டா கேள்வி வரும். எனக்கு எதுக்கு?” என்பார். அலுவலகத்தில் அவ்வளவு உஷார்! இங்கே வந்தால் ஒவ்வொரு வாரமும் ஒரு நல்ல அதிகாரியைக் கொன்றுவிட்டு அடுப்பங்கரைக்குப் போகிறார்.

போன ஞாயிறு ஆட்டம் தொடங்கும் முன்பே டாக்டர் சொல்லிவிட்டார். “சார், இன்னைக்கும் நீங்க செத்தீங்கன்னா அடுத்த வாரம் என் மச்சான் வந்து உக்காருவான். அவனாவது உயிரோட இருப்பான்.”

மேஜர் கைகழுவப் போகிற சாக்கில் என்னைத் தனியே அழைத்துப் போனார். வாய் கொப்பளிக்கும் தொட்டியருகே நின்றுகொண்டு குரலைத் தாழ்த்தினார். “வீட்டுக்குப் போற வழியெல்லாம் அவ தனியா சிரிச்சுக்கிட்டே வர்றா தம்பி. என்னன்னு கேட்டா, நீங்க அங்க இருந்திருக்கணும்ங்கிறா. நான் அங்கதான் இருந்தேன். டீ போட்டுக்கிட்டு.”

எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. “அப்போ சிப்பாயாவே நிறுத்திக்கங்களேன்” என்றேன். “அதான் செய்யப்போறேன்” என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

திரும்பி வந்து, பொத்தானைப் போட்டு, பென்சிலைச் சீவி, எல்லாவற்றையும் எழுதினார். டாக்டர் பகடையை நீட்டியதும் தொட்டியருகே சொன்ன சொல் காற்றில் போனது. உருட்டினார்: கார்ப்பரல். இன்னொன்று: சார்ஜென்ட். அப்புறம் லெப்டினன்ட், கேப்டன். கை தானாகவே மறுபடி பகடையை அள்ளியது. டாக்டர் ஆவலோடு முன்னால் சாய்ந்தார். என்ன சாவு என்று மனசுக்குள் தயார் செய்துவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

மனைவி தன் தாளிலிருந்து நிமிரவில்லை. “இடிஞ்ச ஊரோட தண்ணித் தொட்டிக்குள்ள என்னமோ உறுமுது. இன்னைக்கு நான் உள்ள இறங்கித்தான் ஆகணும்” என்றார். “மேல நின்னு கயித்தைப் பிடிச்சுக்க ஆள் இல்ல. வைத்தியருக்கு ஒரு கைதான்.”

மேஜர் கேட்டுக்கொண்டிருந்தார். பகடை அவருடைய உள்ளங்கைக்குள் குலுங்கிக்கொண்டேயிருந்தது.

“கேப்டனுங்க கயிறு பிடிப்பாங்களா?” என்று கேட்டார்.

“கர்னலுங்க பிடிக்க மாட்டாங்க” என்றார் மனைவி.

குலுங்கும் சத்தம் நின்றது. மேஜர் மனைவியின் கையை இழுத்து, பகடை இரண்டையும் அதில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். “நீயே வச்சுக்க. என் கையில இருந்தா உருட்டிருவேன்.”

“சார், ஆட்டத்துக்கு அது வேணும்” என்றார் டாக்டர். மேஜர் அந்த மூடிய கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு விடாமல் உட்கார்ந்திருந்தார்.