எலிகளின் சுகம் கேட்டவள்

நோர்வூட் கடைத்தெருவில் ஒரு தச்சுப் பட்டறையைத் தாண்டும்போது மரச்சீவல் வாசம் மூக்கில் ஏறியது. கால் தானாக நின்றுவிட்டது. கதிரை மேசை வாங்க வந்தவன் என்று பட்டறைக்காரர் நினைத்திருப்பார். எனக்கோ எலிகளின் ஞாபகம். நீங்கள் சிரிக்கலாம்.

படித்து முடித்ததும் கண்டிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்தது. புற்றுநோய் மருந்து கொடுத்த வெள்ளைச் சுண்டெலிகளை மரச்சீவல் பரப்பிய கூண்டுகளில் வைத்துக் கவனிக்க வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

"நாங்க எலி புடிக்கப் பூனை வளக்குறோம். இந்தத் தொர எலி வளக்கப் போறாராம்!"

தினமும் காலையில் ஒவ்வொன்றாக நிறுப்பேன். எலிக்கு நோவைச் சொல்லத் தெரியாது, மறைக்கத் தெரியும். சுகமாக இருந்தால் உடம்பை நக்கி நக்கி மினுக்கிக்கொண்டே இருக்கும். மருந்து தாங்காவிட்டால் மயிர் சிலிர்த்து, முதுகு கூனி, மூலையில் ஒண்டிவிடும். அதற்குத் தீனியை ஊறவைத்துப் பக்கத்திலேயே வைப்பேன். ரொம்ப மெலிந்தால் மருந்தை நிறுத்திவிடுவோம்.

அந்த நாட்களில்தான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் அக்காவுக்கும் அதே மாதிரி மருந்து ஏற்றினார்கள். இடையில் நிறுத்தாமல் முடித்தால் பிழைப்பாள் என்றார் டொக்டர். ஞாயிறுதோறும் ஹட்டனில் ரயில் இறங்கி லயத்துக்கு ஓடுவேன். தன்னைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

"தம்பி, எலிங்க எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குக்கா. தின்னுச்சுங்க."

"அப்ப எனக்கும் ரெண்டு வாய் குடு."

ரொட்டியைப் பிளேன்டீயில் ஊறவைத்துக் கொடுப்பேன். "அடப்பாவி, எனக்கும் எலிச் சாப்பாடா?" என்று சிரிப்பாள். முடி கொட்டிய தலையில் பூப்போட்ட துணியை அழகாகக் கட்டியிருப்பாள். அதைப் பார்த்தால் எனக்குத் தைரியம் வந்துவிடும்.

ஒரு ஞாயிறு துணி அவிழ்ந்து கிடந்தது. சுவரோரமாக முதுகைக் கூனிப் படுத்திருந்தாள். வாசலிலேயே நின்றேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை.

"எலிங்க நல்லா இருக்குக்கா," என்றேன் நானாகவே.

"ம்."

டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மருந்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். அந்த மழைக்காலம் முடியுமுன் அக்கா போய்விட்டாள்.

இப்போது கூண்டுக்குள் கமெரா வைத்திருக்கிறோம். எலி ஒண்டினால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். அந்த லயத்தையும் இடித்துத் தனி வீடுகள் கட்டியாயிற்று. ஊருக்கு வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் புது வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். அந்த ஒரு கேள்விக்கு மனம் கிடந்து ஏங்குகிறது. உள்ளே யார் யாரோ என் சுகத்தைக் கேட்கிறார்கள். எலிகள் எப்படி இருக்கின்றன என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.