ஏற்றிவிட்டவர்கள்

திரும்பி வராத பிள்ளைகளுக்காக மண்ணில் வைக்கச் சொல்லிக் கையில் தந்த புகையிலையை வாயில் போட்டு மென்றவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு வேறு யாரிடமாவது கேள்விப்பட்டால் என் மனைவி சொல்லும் வடிவத்தில்தான் கேள்விப்படுவீர்கள். அதில் நான் வெற்றிலையும் கேட்டதாக வரும். நான் கேட்கவில்லை. சுற்றுமுற்றும் பார்த்தேன், அவ்வளவுதான்.

அது ஒரு அரைநாள் சுற்றுலா. பூர்வகுடிகளின் மரபும் காட்டுயிர்களும், எட்டுப் பேருக்கு மட்டும், வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ரூஜ் ஆறு ஏரியில் விழும் இடத்தைக் காட்டுவார்கள் என்று போட்டிருந்தது. இறகு குத்திய ஆட்டமும், ஒரு மானும், மரியாதையான தூரத்தில் ஒரு கரடியும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருடமாக மல்வேர்னில் இருந்து இந்தக் கனடாவுக்கு வரி கட்டுகிறேன். இந்த நிலத்தின் சொந்தக்காரரில் ஒருவரோடாவது ஐந்து நிமிடம் கதைத்தது கிடையாது. காணி உறுதி பற்றி மட்டும் யாழ்ப்பாணத்தாரோடு மணிக்கணக்காகக் கதைப்பேன்.

ஆனால் நான் போனது கரடி பார்க்க அல்ல. அக்காவிடம் ஒரு விசயம் கேட்க வேண்டியிருந்தது. மூன்று கிழமையாக அதை வீட்டில் கேட்க முடியாமல் இருந்தேன்.

அக்காவுக்கு எழுபத்தொரு வயது. போர் முடிந்து மூன்றாம் வருடம் இங்கே வந்து, அன்றிலிருந்து எங்களோடு இருக்கிறார். ஒரே மகன். போர் முடிந்த அந்த வைகாசியில் காணாமல் போனான். கலியாணம் கட்டி எட்டு மாதம். அவன் மனைவி இன்றைக்கும் வவுனியாவில் ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். ஒவ்வொரு வெள்ளியும் அக்கா அவளுக்குத் தொலைபேசி எடுப்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"ஏதும் அறிஞ்சனியோ பிள்ளை?"

"இல்லை மாமி."

அதன் பிறகுதான் சாப்பாடு, மழை, அரிசி விலை.

எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் அவன் படம் இருக்கிறது. மற்றப் பிள்ளைகளின் பட்டமளிப்புப் படங்களோடு, உயிரோடு இருக்கிறவர்களின் வரிசையில். ஒரு நவராத்திரிக்கு யாரோ தெரியாத்தனமாக அந்தக் கண்ணாடியில் குங்குமம் வைத்துவிட்டார்கள். அக்கா சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டே நின்றார். இறந்தவன் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது கிடையாது.

இந்த நிலைமையில்தான் அக்காவின் மருமகள் எனக்கு அழைப்பெடுத்தாள். பக்கத்து ஊரில் ஒரு லொறிக்காரர் இருக்கிறாராம். மனைவியை இழந்தவர், குடிப்பழக்கம் இல்லாதவர். இரண்டு வருடமாக இவளைக் கட்டக் கேட்கிறாராம்.

"மாமா, மாமி மனசார ஓமெண்டு சொன்னால் மட்டும்தான். அவ இல்லையெண்டால் நான் அவருக்கு இல்லையெண்டு சொல்லிப்போடுவன். அவரும் எத்தினை நாளைக்கு வாசலிலை நிப்பார், பாவம்" என்றாள்.

குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முப்பத்தெட்டு வயதில் ஒருத்தி தன் மிச்ச வாழ்க்கையை என்னிடம் தந்து, இதை மாமியிடம் கொடுத்துவிடுங்கள் என்கிறாள். என்னிடம்! பால் வாங்கக் கடைக்குப் போனால் தயிரோடு வருகிறவனிடம்.

"நீங்கள்தானே எல்லாத்துக்கும் பகிடி விடுறனீங்கள்" என்றாள் மனைவி. "பகிடியோடை பகிடியாய்ச் சொல்லிப்போடுங்கோவன்."

ஒவ்வொரு மாலையும் அக்காவின் முன்னால் போய் நிற்பேன். "அக்கா..." என்பேன். அவர் நிமிர்ந்து பார்ப்பார். "தேத்தண்ணி இருக்கோ?" என்பேன். மூன்று கிழமையில் நான் குடித்த தேநீருக்கு ஒரு தோட்டமே வைத்திருக்கலாம். வெளியே எங்காவது கூட்டிப்போனால் வாய் வரும் என்று நினைத்துத்தான் அந்தச் சுற்றுலாவுக்குப் பதிந்தேன். அக்கா வரமாட்டேன் என்றார். போகாவிட்டால் காசு திரும்பத் தரமாட்டார்களாம் என்றேன். எதுவும் வீணாகப் போவதை அக்காவால் தாங்க முடியாது. செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

ஆனி மாதத்துச் சனிக்கிழமை காலை. எங்களைத் தவிர ஒஷாவாவில் இருந்து வந்த ஒரு வெள்ளைக்காரக் கணவன் மனைவி, கழுத்தில் தொலைநோக்கியோடு, இன்னும் நாலு பேர். வழிகாட்டி எழுபதை நெருங்கும் பூர்வகுடிப் பெண். நரைத்த ஒற்றைப் பின்னல், பழைய தொப்பி. வானை ஓட்டியதும் அவரே. பேச்சு மிகக் குறைவு. மான் எங்கே என்று கேட்டதற்கு, "மான் வேலைக்குப் போயிருக்கும்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஆற்றங்கரைச் சரளைக்கல் பாதையில் ஒரு பெரிய ஆமை முட்டையிட்டுக்கொண்டிருந்தது. எல்லோரையும் தூரத்தில் நிறுத்தினார். அது பின்காலால் குழியை மூடிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தண்ணீருக்குள் போனது. பெரும்பாலான குழிகளை ரக்கூன்கள் தோண்டித் தின்றுவிடும் என்று அவர் சொன்னார்.

"பிறகு வந்து பார்க்காதாமோ?" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

"பார்க்காதாம் அக்கா. போனால் போனதுதானாம்."

"குடுத்துவைச்சது."

அக்கா பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு சிரிப்பை இருமலாக மாற்றினேன்.

அந்த நேரத்தில் கேட்டிருக்கலாம். நான் ஒஷாவாக்காரரிடம் போய், எங்கள் ஊரில் ஆமைக்குத் தேர்தலில் சின்னம் கிடைக்கும் என்று ஏதோ அளந்துகொண்டிருந்தேன். அதனால் தண்ணீரோரம் மரங்களுக்குக் கீழே வழிகாட்டி எல்லோரையும் கூட்டி என்ன சொன்னார் என்பது என் காதில் விழவில்லை. ஒரு தோல்பையைத் திறந்து ஆளுக்கு ஒரு சிட்டிகை கொடுத்துக்கொண்டு வந்தார். என் உள்ளங்கையிலும் வைத்தார். நல்ல காய்ந்த புகையிலை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவனின் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை புகையிலை வந்தால் அது போகிற இடம் ஒன்றுதான். மூளையைக் கேட்கிற வழக்கமே இல்லை. பந்தியில் பாக்கு எடுப்பதுபோல எடுத்துக் கடைவாயில் அடக்கினேன்.

நிமிர்ந்தபோது எல்லோரும் குனிந்து மண்ணில் வைத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவும்.

வழிகாட்டி என் தாடையைப் பார்த்தார். "அது பள்ளிக்கூடங்களில் இருந்து வீடு திரும்பாத பிள்ளைகளுக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மாடே, துப்படா!" என்றார் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

துப்புவது அதைவிடப் பெரிய அவமரியாதை என்று அந்த ஒரு கணத்தில் எனக்குப் பட்டது. விழுங்கினேன். அந்தப் புகையிலை விழுங்குகிற சாதி அல்ல. பத்து நிமிடத்தில் ஏரி ஒரு பக்கமாகச் சரிந்தது. நாணலுக்குள் போய் வாந்தி எடுத்தேன். அங்கே நின்ற சாம்பல் நாரை ஒன்று அருவருப்போடு எழுந்து பறந்தது. அன்று நான் மிக அருகில் பார்த்த காட்டுயிர் அதுதான்.

வழிகாட்டி மற்றவர்களைக் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்த பார்வை மேடைக்கு அனுப்பிவிட்டு, விழுந்துகிடந்த மரத்தில் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் தந்தார். எனக்கு ஒரு பக்கம் அவர், மறுபக்கம் அக்கா. நடுவில் நான், முகம் பச்சையாக, மொழிபெயர்ப்பாளனாக.

"கேளடா" என்றார் அக்கா. "அவவின்ரை ஆக்களிலையும் ஆரும் போனதோ எண்டு."

கேட்டேன். தன் அண்ணன் என்றார் அவர். ஏழு வயது. வடக்கே, அரசாங்கம் பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடம் இருந்து பிரித்துக்கொண்டு போய் அடைத்துவைத்துப் படிப்பித்த பள்ளிக்கூடங்களில் ஒன்றுக்குப் போனவன். கடிதம் இல்லை, உடல் இல்லை, கல்லறை இல்லை. இப்போதுதான் கருவி வைத்து நிலத்துக்கடியில் தேடுகிறார்கள்.

அக்கா அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்.

"ஆர் ஏத்தி விட்டது?"

எனக்கு வாந்தி நின்றுபோயிற்று. அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். வந்த புதிதில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அக்கா எனக்குச் சொல்லியிருக்கிறார். போரின் கடைசி நாட்களில் சனத்தோடு சனமாகத் தண்ணீர் கடந்து வந்து நின்ற இடத்தில் இராணுவத்தார் ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்களாம். இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவரும் வந்து பதியட்டும், பதிந்தால் விட்டுவிடுவோம் என்றார்களாம். மகன் அசையாமல் நின்றானாம். அக்காதான் முதுகில் கைவைத்து, "போய்ப் பதிஞ்சுபோட்டு வா ராசா, ஒளிச்சால்தான் பிழை" என்று பேருந்தில் ஏற்றிவிட்டவர்.

"ஏன் அதையெல்லாம் கேட்பான் அக்கா?"

"கேள்."

கேட்டேன்.

"அம்மாதான்" என்றார் அந்தப் பெண். "கொடுக்காவிட்டால் சிறை என்றார்கள். தலைமயிரை நனைத்துச் சீவி, லொறியில் தூக்கி ஏற்றியது அம்மா."

நான் சொல்லத் தொடங்குவதற்கு முன்பே அக்கா தலையை ஆட்டினார். அதை யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

"பிறகு தாய் என்ன செய்தவ?"

அந்தப் பெண் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். அதற்குப் பிறகு அம்மா வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட விடவில்லை. இரவில் மகன் வந்து தள்ளிப் பார்த்து, பூட்டியிருக்கிறதென்று திரும்பிப் போய்விடுவானாம். மாரிகாலத்தில் காற்று கதவைத் தள்ளித் திறந்துவிடும். மிச்ச நாலு பிள்ளைகளும் ஒரே கட்டிலில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கிடப்பார்களாம். காலையில் தண்ணீர் வாளியில் பனிக்கட்டி இருக்கும். தன் தங்கைக்கு நெஞ்சில் சளி கட்டி, கடைசிவரை விடவில்லையாம். "அண்ணனுக்காகத்தான் கதவு திறந்திருந்தது. குளிர்ந்தது எங்களுக்கு" என்றார்.

நான் பகிடி விடுகிறவன், ஆனால் கொடுமைக்காரன் அல்ல. வெட்டிச் சுருக்கினேன்.

"தாய் கதவு பூட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தவவாம் அக்கா."

"குளிர் எண்டு ஏதோ சொன்னவ."

"கனடாதானே அக்கா. குளிரும்தானே."

"பகிடி விடாதை. தங்கச்சியைப் பற்றியும் சொன்னவ. என்ன சொன்னவ?"

அக்கா கிழமையில் இரண்டு நாள் நூலகத்தில் முதியோர் ஆங்கில வகுப்புக்குப் போவார். பத்து வருடமாகப் போகிறார். அங்கே கொடுக்கிற பிஸ்கட்டுக்குப் போகிறார் என்று நான் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது ஒன்றும் மிச்சம் வைக்காமல் சொன்னேன். கதவு, கட்டில், வாளி, தங்கையின் நெஞ்சு. சொல்லி முடியும்வரை அக்கா என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கையை நீட்டினார். அந்தப் பெண் பிடித்துக்கொண்டார். இரண்டு கைகளும் என் மடிக்கு மேலாகப் போயிருந்தன. மூச்சு விடப் பயந்து உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும்போது வானில் ஒஷாவாக்காரர் தான் கண்ட பருந்துகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். வான் எங்களை இறக்கிவிட்ட இடத்தில் என் கார் நின்றது. வீட்டு வாசலில் நான் காரை நிறுத்தியும் அக்கா இருக்கைப் பெல்ற்றைக் கழற்றவில்லை.

"அவள் உன்னோடை கதைச்சவள், என்ன?"

"ஆர் அக்கா?"

"நடிக்காதை. மூண்டு கிழமையாய் என்ரை முன்னாலை வந்து வந்து தேத்தண்ணி கேட்கிறாய். வெள்ளிக்கிழமையிலை அவளின்ரை குரலும் சரியில்லை. ஆர் ஆள்?"

சொன்னேன். லொறி, முதல் மனைவி, இரண்டு வருடம் கேட்டது, எல்லாம்.

"குடிப்பானோ?"

"இல்லையாம்."

"அவளுக்கு ஓய்ஞ்சு இருக்க ஒரு வீடு இருக்கோ அந்தாளிட்டை?"

"இருக்காம். கல்வீடு."

கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி அக்கா இருந்தார். பக்கத்து வீட்டுக் கூரையில் சூடு அலையலையாக எழுந்துகொண்டிருந்தது. அவர் தோள் நடுங்கியது. குளிரூட்டியை நிறுத்தினேன். நடுக்கம் நிற்கவில்லை.

அந்த இடத்தில் வாயை மூடியிருக்க வேண்டும். எனக்கு ஒரு வேலையைப் பாதியில் விடத் தெரியாது, கெடுத்து முடித்தால்தான் திருப்தி. அக்கா இவ்வளவு தூரம் வந்துவிட்டார், மிச்சத்தையும் ஒரேயடியாக முடித்துவிட்டால் அவருக்கும் ஆறுதல் என்று நினைத்தேன்.

"அப்ப அக்கா, ஐயரோடை கதைக்கட்டோ? அவனுக்கு அந்தியேட்டி, ஈமக்கிரியை எல்லாம் செய்துபோட்டால், அவளுக்கும் மனசு லேசாகும், உங்களுக்கும்..."

அக்கா பெல்ற்றைக் கழற்றினார். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார்.

"அவளுக்கு ஓமெண்டு சொல்லு, எனக்கு ஒண்டும் சொல்லாதை."