துரை ஏன் கடித்தான்?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் துரை என்னைக் கடித்துவிட்டான்.

துரை எங்கள் வீட்டு முயல். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் சாம்பல் நிறம். வயது எட்டு. முயல் கணக்கில் அது தாத்தா வயது. இந்த எட்டு வருடத்தில் யார் மேலும் ஒரு பல் பட்டதில்லை. அன்றைக்குத் தட்டை வைத்துவிட்டு வழக்கம்போல் தாடையைத் தடவினேன் — கட்டைவிரலில் சதக்!

வலியைவிட எனக்கு ரோஷம்தான் அதிகம். உனக்கு எத்தனை செய்திருப்பேன், என்னையா கடிக்கிறாய் என்று கத்தினேன். அவன் பீரோவுக்கு அடியில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

யோசித்துப் பார்த்தால் பத்து நாளாகவே ஆள் சரியில்லை. கூப்பிட்டால் ஓடி வருகிறவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மூலையில் விரித்த பேப்பரில் மட்டும் ஒன்றுக்குப் போகிறவன், கண்ட இடத்தில் போகிறான். கீரையை ஆசையாக வாயில் எடுக்கிறான், அப்படியே கீழே போட்டுவிடுகிறான். தாடை முடியெல்லாம் ஈரம். அன்று காலையிலிருந்து அதுவும் இல்லை... தட்டு வைத்தபடியே கிடந்தது.

மத்தியானம் பக்கத்தில் ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். மாட்டுக்கும் கோழிக்கும் பார்க்கிறவர். நல்ல மனுஷர்.

"எத்தன உருப்படி வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணுதானுங்க."

பண்ணை இல்லாமல் முயல் வளர்ப்பவர்களை எங்கள் பக்கம் கொஞ்சம் விநோதமாகத்தான் பார்ப்பார்கள். அவரும் பார்த்தார். பிறகு வயிற்றை அமுக்கிவிட்டு, "வயசாயிருச்சுங்க. இனி இப்படித்தான் இருக்கும்" என்றார்.

வயசாயிடுச்சு! எவ்வளவு வசதியான வார்த்தை பாருங்கள். கோபப்பட்டால் வயசாயிடுச்சு, பேசாமல் இருந்தால் வயசாயிடுச்சு, சாப்பிடாவிட்டாலும் வயசாயிடுச்சு. மனிதர்களுக்கும் இதையேதான் சொல்லிவிட்டு நாம் டிவி பார்க்கப் போய்விடுகிறோம். நானும் வீட்டுக்கு வந்து, அவ்வளவுதான் போலிருக்கிறது என்று அழுதேன்.

இனி என் வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் பீற்றிக்கொள்ளப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் குமாரபாளையத்தில் விசைத்தறிக்காரர்கள். வீட்டை ஒட்டியே பட்டறை, எட்டுத் தறி. கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் ஓடும். அந்தச் சத்தத்தில் ஒரு மிக்ஸி ஓடுவதுகூடக் காதில் விழாது. அதனால் தறிக்காரர்கள் காதை நம்புவதில்லை. கையால் ஜாடை பேசுவார்கள். தறியில் கோளாறு என்றால் சட்டத்தின் மேல் உள்ளங்கையை வைப்பார்கள். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று கை சொல்லிவிடும். இவர் அதில் கெட்டிக்காரர். பக்கத்துப் பட்டறையிலிருந்தெல்லாம் வந்து கூட்டிப்போவார்கள்.

புதன்கிழமை காலையில் துரையை மடியில் போட்டுக்கொண்டு, அவன் தாடைக்கடியில் உள்ளங்கையை வைத்தார். அவன் கடிக்கப் பார்த்தான். இவர் கையை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

"அம்மிணி, உள்ளுக்குள்ள என்னமோ அரையுது."

"முயலுன்னா பல்லைக் கடிக்குமுங்க. தடவிக் குடுத்தா எப்பவும் அப்படித்தானே?"

"அது வேற. அது சன்னமா வரும், நல்லா ஓடற தறியாட்டம். எட்டு வருசமா கையில பாக்கறனே! இது உதறுது. துரைக்கு வாயிலதான் வலி. கெளம்பு, நாமக்கல் போலாம்."

நாமக்கல்லில் செல்லப் பிராணிகளுக்குப் பார்க்கும் ஒரு பெண் டாக்டர் இருந்தார். சின்ன டார்ச் கருவியை வாய்க்குள் விட்டுப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"கடைவாய்ப் பல் ஊசியா வளந்து நாக்கைக் குத்திக் கிழிச்சிருக்குங்க. முயலுக்குப் பல் வாழ்நாள் முழுக்க வளரும். புல்லும் சோளத்தட்டையும் மென்னாத்தான் தேயும். என்ன குடுக்கறீங்க?"

நான் தயங்கினேன். "இட்லிங்க... வாழைப்பழம்... பால்ல ஊற வெச்ச ரொட்டி..."

"இட்லியா?"

நாலு மாதமாக அதுதான் கொடுத்தேன். வயசான ஜீவன், கஷ்டப்பட்டு மெல்ல வேண்டாமே என்ற கரிசனம். புல்லை நிறுத்தியது நான். பல்லை வளரவிட்டது நான். வலிக்கிற இடத்திலேயே தடவிவிட்டு, கடித்துவிட்டான் என்று கத்தியதும் நான்தான். வெட்கமாக இருந்தது.

"முயல் வலிச்சா காட்டிக்காதுங்க. காட்டுல காட்டிக்கிட்டா நரி புடிச்சுக்கும். அதான் மறைச்சு மறைச்சு, தாங்க முடியாமப் போறப்ப கடிச்சிருக்கு" என்றார் டாக்டர். பிறகு குரலைத் தாழ்த்தி, "மயக்க மருந்து குடுத்துத்தான் பல்லை ராவித் தேய்க்கணும். இந்த வயசுல எந்திரிக்காமயும் போகலாம். ஆனா இன்னும் ஒரு நாள் சாப்புடாம இருந்தா கண்டிப்பாப் போயிரும்" என்றார்.

இவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரம் ஆனது. நான் வேண்டாத தெய்வமில்லை.

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார். சிரித்துக்கொண்டு வந்தார்.

"முழிச்சுட்டான். ஆமா, பல்லைக் கடிக்கறது வலியிலன்னு வந்ததுமே சொன்னீங்களே, யாருங்க கண்டுபுடிச்சது?"

நான் விரலை நீட்டி இவரைக் காட்டினேன். இவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "தறி பாக்கற மாதிரி பாத்தனுங்க, அவ்வளவுதான்" என்று நெளிந்தார். அவ்வளவுதானாம்! எனக்கு அந்த ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி சொல்ல வேண்டும் போலிருந்தது — இவர் என் வீட்டுக்காரர்!

அதன் பிறகு நாலு நாள் ஊசி இல்லாத சிரிஞ்சில் கூழ்தான். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. அவன் துப்புவான், நான் ஊட்டுவேன். தானாக மென்று தின்றால்தான் பிழைத்தான் என்று அர்த்தம், டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தினமும் பக்கத்தில் ஒரு பிடி அருகம்புல்லும் காய்ந்த கடலைக்கொடியும் வைப்பேன். தொடமாட்டான்.

ஐந்தாம் நாள் திங்கட்கிழமை, நல்ல வேலை நேரம். கடலைக்கொடியில் ஒரு காம்பை வாயில் எடுத்தான். தலையைத் திருப்பிக்கொண்டான். மெல்லுகிறானா, சும்மா வைத்திருக்கிறானா? தறிச் சத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை. பட்டறை வாசலுக்கு ஓடி இவருக்கு ஜாடை காட்டினேன்.

வந்தார். பீரோவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். அவன் பயந்துவிடக்கூடாது என்று கையை நீட்டவில்லை. சட்டென்று எழுந்து பட்டறைக்குப் போனார். ஒரு தறியை நிறுத்தினார். அடுத்ததை நிறுத்தினார். வேலையாட்கள் என்னவோ ஏதோவென்று பார்க்க, எட்டையும் நிறுத்திவிட்டார். கரண்ட் இருக்கும்போது தானாகத் தறியை நிறுத்தி இந்த மனுஷரை நான் பார்த்ததே இல்லை.

வீடு அமைதியானது.

கறுக்... கறுக்... கறுக்...

இவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அந்த நேரம் பார்த்து, சரக்குக் கேட்டு ஜவுளிக்காரர் ஃபோன் அடித்தார். இவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, தறிச் சத்தத்தையே காணோம்? கரண்ட் இல்லீங்களா?"

"கரண்ட்டெல்லாம் இருக்குதுங்க" என்றார் என் வீட்டுக்காரர். "துரை சாப்புடறானுங்க!"