மூக்கைப் பொத்திய டர்போ

போன சனிக்கிழமை காலை. எக்கியார்குப்பத்துக்குப் போகும் மணல் பாதையில் ஒரு பழைய பிக்கப் டிரக் நகர முடியாமல் நின்று புகை கக்கியது. கறுப்பு என்றால் அப்படி ஒரு கறுப்பு. பின்னால் டிரெய்லரில் ஒரு ஃபைபர் படகு. டிரைவர் சீட்டில் என் மனைவியின் தம்பி அருள். பக்கத்தில் அறிவுரை சொல்வதற்கென்றே ஏறியவன் போல... நான்.

படகு இழுப்பதுதான் அருளின் பிழைப்பு. கீழ்புத்துப்பட்டு பக்கம் படகு பழுதுபார்க்கும் ஷெட் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து படகுகளைக் கடலோரக் குப்பங்களுக்குக் கொண்டுபோய் விடுவான். ஈசிஆர் தார்ச்சாலையில் வண்டி ஜோராகத்தான் ஓடும். கடைசியாக வரும் மணலில்தான் தகராறு. டர்போ இல்லாத காலத்து டீசல் இன்ஜின், பாவம், எவ்வளவுதான் இழுக்கும்? இந்த வருஷமே இரண்டு முறை ஆள் வைத்துத் தள்ளினோம். "பேசாம டிராக்டர்காரர்கிட்டயே குடுத்துடலாம்" என்று குப்பத்தில் பேச்சு கிளம்பிவிட்டது. ஒரு குப்பம் கைவிட்டுப் போனால் அடுத்ததும் போகும். அருளுக்கு வேறு தொழில் தெரியாது.

அதனால்தான் டர்போ. புதுச்சேரி மெக்கானிக் ஒருவர் இன்ஜினைச் சோதித்துப் பார்த்து, "தாங்கும், ஆனா அளவாத்தான் வைப்பேன்" என்று மாட்டிக் கொடுத்தார். விஷயம் எளிமையானது. வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். அது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் அனுப்பும். காற்று கூடினால் டீசலைக் கூடுதலாக எரிக்கலாம், இழுவையும் கூடும்.

ஆனால் எங்கள் ஊரில் புதிதாக எது வந்தாலும் முதலில் அதற்குத் துணி கட்டுவோம். உப்பளக் காற்று எதையும் விட்டுவைக்காதே! மிக்ஸி, தண்ணீர் மோட்டார், ஸ்கூட்டர் — எல்லாவற்றுக்கும் முக்காடு. அருளும் இன்ஜின் காற்று இழுக்கும் குழாயின் வாயில் எப்போதும் ஒரு துணி கட்டியிருப்பான். பழைய இன்ஜின் அதையும் மீறி எப்படியோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. டர்போ மாட்டி வந்த அன்று நான் சும்மா இருந்தேனா?

"ஒத்தைத் துணி எப்படிப்பா போதும்? ரெண்டு மடிப்பா கட்டு."

என் பழைய லுங்கியைக் கிழித்துக் கொடுத்ததும் நானேதான்.

இப்போது மணலில், டிரெய்லரில் இருந்த படகின் சொந்தக்காரர் சேகர் போனைக் கையில் எடுத்துவிட்டார். அவர் மறுநாள் விடியும்போது கடலில் இருக்க வேண்டும்.

"அருளு, டிராக்டருக்கு சொல்லிடட்டுமா?"

"அஞ்சு நிமிஷம் குடுங்கண்ணே..."

அருள் கெஞ்சினான். மெக்கானிக்குக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அவர் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

"காத்து போற வழியில எதுனா அடைச்சிருக்குதா?"

"அடைப்பெல்லாம் இல்லீங்க. துணி மட்டும் கட்டியிருக்குது."

ஸ்பீக்கரில் மெக்கானிக்கின் குரல் எகிறியது.

"ஏம்பா, டர்போ மாட்டுனதே காத்தை நிறைய இழுக்கத்தான். மூக்கைப் பொத்திட்டு ஓடச் சொன்னா எப்படி ஓடும்? தூசிக்குத்தான் உள்ள ஃபில்டர் இருக்குது இல்ல? அதை அடிக்கடி மாத்து. மொதல்ல துணியக் கழட்டு. கிழிஞ்சு உள்ள போச்சுன்னா டர்போவே காலி!"

அருள் பானெட்டைத் திறந்தான். லுங்கி உப்பு ஈரத்தில் நனைந்து காய்ந்து அப்பளம் போல விறைத்திருந்தது. அதுவும் குழாயோடு உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கிடந்தது. இரண்டு மடிப்பு! "மாமா குடுத்த யோசனைண்ணே" என்று சேகரிடம் என்னைக் காட்டிக்கொடுத்தான்.

பிரியமான பொருளைத்தான் நாம் இறுக்கி மூடுகிறோம். உப்பு அரித்துவிடும் என்ற பயமும் நியாயம்தான். மூச்சு விடுகிற பொருளையுமா மூடுவது?

துணியை எடுத்ததும் புகை தெளிந்தது. மணலில் புதையாதபடி டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, கியரைப் போட்டு மெதுவாக அழுத்தினான் அருள். டிரெய்லர் ஒரு முறை முனகியது. பிறகு யாரும் கை வைக்காமலே படகு கரை வரைக்கும் போய்ச் சேர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்லிக்கொள்வதில் என்ன வெட்கம்?

சேகர் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"எங்க தம்பி படகும் ஷெட்லதான் இருக்குது. அதையும் நீயே இழுத்தாந்துடு."

அருள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். சேகர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஆனா, வர்றப்ப மாமாவை வீட்லயே விட்டுட்டு வா."