சரி சாரின் பீரியட்

அந்த உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'சரி சார்'. அறிவியல் ஆசிரியர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு, "சார், போர்ஷன் முடியல. உங்க பீரியட கொஞ்சம் குடுங்களேன்" என்று இழுப்பார். "சரி சார்" என்பார் இவர். வரலாறு டீச்சர் வருவார். "சரி டீச்சர்." மைதானத்துக்கு இறங்கிய பிள்ளைகள் அப்படியே வகுப்புக்குத் திரும்பிவிடுவார்கள். பந்துகள் அறைக்குள் காற்றிழந்து கிடக்கும். தனக்கு மிஞ்சித்தான் தான தர்மம் என்பார்கள். இந்த வள்ளல் தனக்கென்று ஒரு பீரியடைக்கூட மிச்சம் வைத்ததில்லை.

எல்லாரையும்விட அதிகம் வாங்கியவர் கணக்கு டீச்சர். இவருடைய மனைவி. அவர் கேட்பதுகூட இல்லை. சாக்பீஸும் கையுமாக வந்து பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் அந்தப் புது விதி வந்து விழுந்தது. உயர்நிலை வகுப்பு எடுப்பவர்கள் எல்லாரும் ஆசிரியராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவாகாதவர் அடுத்த ஆண்டு வீட்டில் இருக்கலாம். பட்டம் இருந்தது, பயிற்சிச் சான்றிதழ் இருந்தது. நன்னடத்தைக்கு என்ன குறைச்சல்? இடித்தது கடைசி நிபந்தனைதான். அவரவர் பாடத்தை அவரவர் நடத்துவதை மதிப்பீட்டாளர் ஒருவர் நேரில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம்.

மதிப்பீட்டாளர் அம்மா வந்தபோது மைதானத்தில் ஒரு காக்கைதான் நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் அறிவியல் வகுப்பில். அன்றும் சரி சார் வாய் தவறி 'சரி' சொல்லியிருந்தார்.

"இன்னும் ஒரு தடவை வருவேன் சார். அப்பவும் இப்படின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த அம்மா.

அன்று வீட்டில் மனைவி அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். பிறகு பயிற்சி ஆரம்பமானது.

"நான்தான் சயின்ஸ் சார்னு வச்சுக்கோங்க. சார், உங்க பீரியட குடுங்க."

"சரி..."

"ஏங்க!"

"அவரும் பாவம்தானம்மா."

"வேலை போச்சுன்னா நாம பாவமில்லையா? முடியாதுன்னு சொல்லுங்க!"

ஒரு தடவை 'முடியாது' சொன்னால்தான் தட்டில் சாப்பாடு விழும் என்று ஏற்பாடானது. பசி வந்தால் யாருக்கும் வாய் திறக்கும். பழகிவிட்டார்.

அந்த நாளும் வந்தது. மைதானத்து ஓரம் நாற்காலியில் மதிப்பீட்டாளர் அம்மா. பிள்ளைகளோ பழக்கதோஷத்தில் கணக்கு நோட்டோடு வந்து வரிசையாகச் சம்மணம் போட்டுவிட்டார்கள். சரி சாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை; அவர் பாடமோ கைகாலை ஓட்டுகிற பாடம். விசிலை எடுத்து ஊதினார். எழுந்தார்கள். ஓடச் சொன்னார். ஓடினார்கள். அப்புறம் பந்து பிடிப்பதைச் சொல்லிக்கொடுத்தார். கணக்கில் முட்டை வாங்கும் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, எப்படி எறிந்தாலும் பிடித்தாள். ஒரு பந்தை விடவில்லை. சரி சார் அவளையே பார்த்தார். இந்தப் பிள்ளைக்கு இப்படி ஒரு கை இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே! எத்தனை பீரியடைத் தானம் பண்ணித் தொலைத்தோம்!

அந்த நேரம் பார்த்துக் கணக்கு டீச்சர் வந்தார். தேர்வு நெருங்கும் பதற்றத்தில் இன்றைக்கு என்ன நாள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. நாற்காலியையும் கவனிக்கவில்லை.

"சார், பசங்கள அனுப்புங்க. முக்கோணம் பாக்கி இருக்கு."

பிள்ளைகள் நோட்டை எடுக்கக் குனிந்தார்கள்.

"முடியாது டீச்சர்."

"என்னது?"

"இது என் பீரியட். இந்தப் பொண்ணு இப்பத்தான் பந்தையே கண்ணால பாக்குறா. முடியாது."

"ஏங்க, என்கிட்டயேவா!" என்று கத்திய பிறகுதான் டீச்சர் கண்ணில் நாற்காலி பட்டது. முகத்தில் ஈயாடவில்லை. வந்த வழியே நடந்தார்.

மதிப்பீட்டாளர் அம்மா மெல்லக் கேட்டார்: "வீட்டுக்காரம்மாவா?"

"ஆமாங்க."

"இதுக்கு மேல நான் பாக்க வேண்டியது ஒண்ணுமில்ல சார்" என்று கையெழுத்துப் போட்டார்.

பதிவு உறுதியாயிற்று. ஆனால் அன்று மாலை வீட்டில் பாத்திரங்கள்தான் பேசின. சரி சார் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆசிரியர் அறையில் அறிவியல் ஆசிரியர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "சார், இன்னிக்கு ஒரே ஒரு பீரியட்..."

சரி சாரின் வாய் பழையபடி 'ச' என்று திறந்தது. பக்கத்து மேஜையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் தலையைத் தூக்காமலே சொன்னார்:

"கேக்காதீங்க சார். குடுக்க மாட்டாரு. எனக்கே குடுக்கல."